ஒப்பீட்டுத் தளம் முகவரின் இடத்தை நிரப்புமா?

வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது நம்மில் பலர் இன்று முதலில் கைப்பேசியைத்தான் எடுக்கிறோம். வண்டியின் பதிவெண்ணை இட்டதும் பல நிறுவனங்களின் பிரீமியத் தொகைகள் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் இதே வேலைக்கு முகவர் வீட்டுக்கு வருவார். அவர் சொன்னதே தொகை. இனி முகவர் எதற்கு என்று வாடிக்கையாளர்கள் கேட்பது இயல்பே.

விடை தேடுமுன் ஒன்றை ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். வங்கிகளும் பெருநிறுவன முகவர் என்னும் உரிமத்துடன் காப்பீட்டுத் திட்டங்களை விற்றுக் கமிஷன் பெறுகின்றன. ஆகவே இவ்வழக்கில் நாமும் ஒரு தரப்பே. வாசகர்கள் அதை மனத்திற்கொண்டு மேலே படிக்கலாம்.

தனிநபர் முகவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்ற அளவிலேயே பணியாற்ற விதிகள் இடமளிக்கின்றன. பத்து நிறுவனங்களை ஒப்பிட்டுக் காட்டும்படி அவரைக் கேட்பதில் பயனில்லை. இவ்வகையில் இணையதளத்தின் கை ஓங்கியே இருக்கிறது. ஆனால் அதுவும் இலவசச் சேவை அன்று. விற்பனையாகும் ஒவ்வொரு பாலிசிக்கும் நிறுவனத்திடமிருந்து அதற்கும் வருவாய் உண்டு. இதனால்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள், இத்தகைய தளங்கள் திட்டங்களுக்குத் தரவரிசை இடுவதையும் ‘அதிகம் விற்பனையாவது’ என்று முத்திரை குத்துவதையும் தடுத்தன.

வாகனக் காப்பீட்டுக்குத் தளமே போதும் என்பது எமது கருத்து. மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் அதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இல்லை. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதியில் மட்டுமே விலை மாறும். அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை: வண்டியின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டினாலே பிரீமியமும் குறைந்துவிடும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது அம்மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் மற்றவை எளிது.

மருத்துவக் காப்பீட்டில் நிலைமை வேறு. ஐந்து இலட்சம் ரூபாய்க்கு ஒரு குடும்பப் பாலிசி எடுத்ததாகக் கொள்வோம். அட்டவணையில் அதற்கே பிரீமியம் குறைவு. ஆனால் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று நிபந்தனைகளுக்கு நடுவே ஒரு வரி இருக்கிறது. நோயாளி 10,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறார். அறை வாடகை 50,000. அறுவைச் சிகிச்சை, மருத்துவர், செவிலியர் கட்டணங்கள் 2,00,000. மருந்தும் பரிசோதனையும் 60,000. ஆக 3,10,000 ரூபாய். வாடகையில் பாதி மட்டுமே குறையும் என்று நாம் நினைப்போம். அப்படியன்று, அறையோடு சேர்ந்த சிகிச்சைக் கட்டணங்களும் அதே விகிதத்தில் பாதியாகும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இவ்வெட்டு இல்லை. 25,000, 1,00,000, 60,000 என்று நிறுவனம் கொடுப்பது 1,85,000 ரூபாய். எஞ்சிய 1,25,000 நம் கையிலிருந்து போகிறது. பிரீமியத்தில் மிச்சப்படுத்தியது ஆண்டுக்குச் சில ஆயிரமே இருக்கலாம். இந்த ஒரு வரியை எடுத்துச் சொல்லும் முகவர் தம் கமிஷனுக்கு உரியவர். சொல்லாத முகவருக்கும் திரைக்கும் வேறுபாடு இல்லை.

இதனினும் பெரிய இடர் முன்மொழிவுப் படிவத்தில் இருக்கிறது. சர்க்கரை நோய் உண்டா, முன்பு அறுவைச் சிகிச்சை நடந்ததா, வேறு பாலிசிகள் உள்ளனவா என்ற கேள்விகளுக்கு இணையத்தில் நாமே விரைவாக ‘இல்லை’ என்று அழுத்திவிடுகிறோம். முகவர் வழியே போனாலோ, “கையெழுத்துப் போடுங்கள் சார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். இரண்டும் ஒரே குழியில்தான் தள்ளும். 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கணவர் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் வேறு நிறுவனத்தில் எடுத்திருந்த பாலிசியைப் படிவத்தில் தெரிவிக்கவில்லை. அவர் இறந்தபின் நிறுவனம் பணம் தர மறுத்தது. மறுத்தது சரியே என்றது நீதிமன்றம். படிவத்தைப் படிக்காமல் கையொப்பமிட்டார் என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. ஆயுள் பாலிசி மூன்று ஆண்டுகளைக் கடந்தபின் அதை எக்காரணத்தாலும் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்வது உண்மை. மருத்துவக் காப்பீட்டில் அறுபது மாதங்கள் தொடர்ந்து நடப்பிலிருந்தால், மோசடி நிரூபணமானாலன்றி, அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் மரணமோ நோயோ அதுவரை பொறுத்திருக்க வேண்டுமே.

இழப்பீடு கோரும் வேளையில் நிற்கும் துணை யார்? இறப்புச் சான்றிதழும் வங்கிக் கணக்கு விவரமும் எங்கே கொடுப்பது என்று அறியாத கைம்பெண்ணுக்கு, அவ்வூரிலேயே இருக்கும் முகவர் செய்யும் உதவியை எந்தத் திரையும் இதுவரை செய்துவிடவில்லை. எனினும், தொழிலை விட்டுப் போன முகவர்களின் பாலிசிகள் கேட்பாரற்றுக் கிடப்பதையும் நாம் அறிவோம். சில தளங்கள் தரகர் உரிமம் பெற்று, இழப்பீட்டுக் கோரிக்கையிலும் உதவ முன்வந்திருக்கின்றன. சட்டப்படி முகவர் நிறுவனத்தின் பிரதிநிதி. தரகர் வாடிக்கையாளரின் பிரதிநிதி. ஆகவே விலைப்பட்டியலை மட்டும் சுமந்துவரும் முகவரின் இடம் போய்விட்டது என்றே சொல்லலாம். கோரிக்கைக் காலத்தில் வாசலில் வந்து நிற்பவரின் இடம் அவ்வளவு விரைவில் போகாது.

நிறுவனத்திடம் புகார் அளித்து முப்பது நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால், எவ்வழியில் பாலிசி வாங்கியிருந்தாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்குரைஞர் தேவையில்லை, ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும்.

தளம், முகவர், வங்கிக் கிளை என எங்கு வாங்கினாலும், பாலிசி ஆவணம் கைக்கு வந்ததும் அதனுடன் இணைந்திருக்கும் முன்மொழிவுப் படிவத்தின் நகலை எடுத்து, நம் பெயரில் எழுதப்பட்ட விடைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். தவறிருந்தால் உடனே எழுத்து மூலம் திருத்தக் கோரலாம். திட்டமே பிடிக்கவில்லையெனில், ஆவணம் கிடைத்த முப்பது நாள்களுக்குள் திருப்பியளித்து, முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பு நடப்பிலிருந்த நாள்களுக்கான தொகை ஆகியவை போக மீதிப் பிரீமியத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.