எம்.எஸ்சி. பிசியாலஜி படிக்கப் போகிறவர்களுக்கு

எம்.பி.பி.எஸ். படிக்காமலே மருத்துவக் கல்லூரியில் பிசியாலஜியை மட்டும் முதுநிலைப் பாடமாகப் படிக்கலாம் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. விலங்கியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு நான் அப்படித்தான் சேர்ந்தேன். மூன்றாண்டுப் படிப்பு. முதலாண்டில் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றையும் எம்.பி.பி.எஸ். மாணவர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகள் பிசியாலஜி மட்டும். கூடவே தீசிஸ், கூடவே முதலாண்டு மாணவர்களின் பிராக்டிகலைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போது அதே பாடத்தை நடத்துகிறேன். சேரலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாண்டின் வேகம் யாரையும் மிரட்டும். அந்த வேகத்தில் எம்.பி.பி.எஸ். மாணவருக்குத் தேவை, எது சரியான அளவு, அது மாறினால் என்ன நோய் என்பது. அவருக்கு அதுவே சரி; அடுத்த ஆண்டே நோயாளியின் முன்னால் நிற்கப் போகிறவர் அவர். நமக்கு அந்த அவசரமில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொரு கேள்வி கேட்கலாம்: இது எப்படித் தெரியவந்தது? இந்தப் படிப்பின் உயிரே அந்தக் கேள்விதான் என்று நம்புகிறேன்.

சிட்னி ரிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைத்து ஆராய்ந்தவர். இதயம் நன்றாகவே துடித்தது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் கரைசலைத் தயாரித்தபோது துடிப்பு சீக்கிரமே அடங்கிப்போனது. விசாரித்தால், முந்தைய கரைசல் லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரானது. அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883-இல் அதை ஒளிக்காமல் எழுதி, தன் முந்தைய முடிவைத் தானே திருத்தினார். இன்று மருத்துவமனையில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான். எலும்புத் தசை வெளியே கால்சியம் இல்லாமலும் நெடுநேரம் சுருங்கும், இதயத் தசையால் முடியாது என்ற பாடத்தை இந்தக் கதையோடு படித்தவர் எந்த வைவாவிலும் மறக்கமாட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனால் நம் நாட்டு ஆட்களும் வந்து நிற்பார்கள். 1951-இல் ஆனந்த், பிரோபெக் இருவரும் எலியின் ஹைபோதலாமசில் பக்கவாட்டுப் பகுதியை அழித்துப் பார்த்தார்கள். எலி உண்பதையே நிறுத்திவிட்டது. அந்த ஆனந்த்தான் பிறகு டெல்லி எய்ம்ஸில் பிசியாலஜித் துறையை உருவாக்கினார். நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சு ஏன் மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது என்பதைப் படிக்கும்போது வரும் ஜே ஏற்பிகளைக் கண்டறிந்தவர் பெயின்டால். வேகஸ் நரம்பை இழை இழையாகப் பிரித்து ஒற்றை இழையின் சைகையைப் பதிவுசெய்தவர். அவர்களுடைய மூலக் கட்டுரைகளைத் தேடி வாசியுங்கள். பாடப்புத்தகத்தில் ஒரே வரியாகச் சுருங்கிக் கிடப்பதற்குப் பின்னால் எத்தனை பொறுமை இருந்தது என்று தெரியும்.

அடுத்தது எண். வில்லியம் ஹார்வி 1628-இல் ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியதற்கு ஒரு கணக்கும் முக்கியக் காரணம். இதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் ரத்தம் உடலிலுள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம். அப்படியானால் அதே ரத்தம்தான் திரும்பி வர வேண்டும். நீங்களும் இப்படிக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். சிறுநீரகம் நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டுகிறது என்று மனப்பாடம் செய்வதோடு விடாதீர்கள். ஒரு நாளைக்குப் பெருக்கினால் 180 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் பன்னிரண்டு குடம். உடலில் பிளாஸ்மா இருப்பதோ ஏறக்குறைய 3 லிட்டர். அதே 3 லிட்டர் நாளொன்றுக்கு 60 தடவை வடிகட்டப்படுகிறது. வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். இதைக் கையால் கணக்கிட்ட பிறகு, மீள உறிஞ்சுதல் என்ற அத்தியாயம் ஏன் அவ்வளவு நீளம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வரைபடங்களைப் பார்த்துப் படிக்காதீர்கள், வரைந்து படியுங்கள். வெள்ளைத்தாளில் அச்சுகளைப் போட்டு, புத்தகத்தை மூடிவைத்து, ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் வளைகோட்டையோ ஸ்டார்லிங் வளைகோட்டையோ வரையுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காய்ச்சல் வந்தால் கோடு எந்தப் பக்கம் நகரும்? ஒரு லிட்டர் ரத்தம் போய்விட்டால்? விடையை முதலில் எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

ஆய்வகம் நம் உடம்பிலேயே இருக்கிறது. பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்துவிட்டுச் சட்டென எழுந்து நில்லுங்கள், தோழி ஈசிஜி எடுக்கட்டும். காலில் ரத்தம் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, கழுத்துத் தமனியின் அழுத்த உணர்விகள் அதைச் சொல்கின்றன, துடிப்பு ஏறுகிறது. எழுந்த பிறகு 15-ஆம் துடிப்பு வாக்கில் வேகம் உச்சத்தைத் தொடும், 30-ஆம் துடிப்பு வாக்கில் தணியும். நீரிழிவு பல ஆண்டு இருந்து தன்னியக்க நரம்புகள் கெட்டவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு மழுங்கிவிடும். நான்கு பக்கம் வாசித்தும் பிடிபடாதது அந்த ஒரு ஈசிஜி துண்டில் பிடிபடும்.

தவளைத் தசைப் பரிசோதனை இப்போது பெரும்பாலும் கணினித் திரையில்தான். ஓர் உயிரை வதைக்காமல் கற்பது நல்லதே. ஆனால் திரையில் வரும் கோடு எப்போதும் ஒழுங்காகவே வரும். துறையின் பழைய அலமாரிகளில் புகையேற்றிய தாளில் எடுத்த கைமோகிராஃப் பதிவுகள் கிடந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். நிஜத் தசை களைப்படைவது எவ்வளவு கோணல்மாணலான கோடு என்று அங்கேதான் தெரியும்.

பிராக்டிகல் எடுக்கும் வேலையைச் சுமையாக நினைக்கும் மாணவர்களைப் பார்க்கிறேன். எனக்குப் பாடம் நின்றது அங்கேதான். "மேம், பி.பி. பாக்கறப்ப எதுக்கு முதல்ல நாடியைப் புடிக்கணும்? ஸ்டெத் வச்சாலே கேக்குதே?" என்று ஒரு பையன் கேட்டான். சில நோயாளிகளிடம், அதுவும் ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்களிடம், சத்தம் நடுவில் நின்றுபோய் மறுபடி தொடங்கும். கஃப் போதுமான அளவு ஏறாமல் அந்த இடைவெளியில் நின்றால் உண்மையான அழுத்தத்தைவிட மிகக் குறைவாக எழுதிவிடுவாய் என்று விளக்கினேன். அன்று முழுக்க அவன் எல்லோருக்கும் நாடியைப் பிடித்தான். இப்படி ரத்த அணுக்களை எண்ணும்போது விரலைப் பிழியக்கூடாது (திசு நீர் கலந்து எண்ணிக்கை குறையும்), ஹீமோகுளோபின் அளக்கும் சாலி குழாயில் அமிலம் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் காரணத்தோடு பதில் வைத்திருங்கள்.

வேலையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். மருத்துவர் அல்லாத ஆசிரியர்களுக்கு இத்துறையில் 30 சதவீதம் வரை இருந்த இடம் 2020 விதிகளில் 15 ஆகக் குறைந்தது. நன்கு படித்த பலரை அது காயப்படுத்தியது. 2025-இல் ஆசிரியர் தகுதி விதிகள் மறுபடி திருத்தப்பட்டன. சேரும் ஆண்டில் என்ன விதி என்பதை நீங்களே வாசித்துவிட்டுச் சேருங்கள். உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் பிஎச்.டி.யும் வேண்டும். நுரையீரல் செயல்திறன் சோதனை, நரம்புக் கடத்தல் சோதனை நடக்கும் அறைகளில் வாரம் ஒரு நாளாவது அனுமதி கேட்டு நில்லுங்கள். கைத்தொழிலாகவும் அது உதவும்.

தீசிஸ் தலைப்பைத் துறையில் இருக்கும் கருவியை வைத்தே தேர்ந்தெடுங்கள். வராத கருவிக்காகக் காத்திருந்து ஓராண்டை விட்டவர்கள் உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வருமுன் ஒருவரைக்கூடப் பதிவுசெய்யக் கூடாது. இதயத் துடிப்பு மாறுபாடு போன்றதை அளக்கிறீர்கள் என்றால் காபி, முந்தைய இரவின் தூக்கம், சாப்பிட்ட நேரம், மாதவிடாய்ச் சுழற்சியின் நாள் எல்லாம் முடிவை அசைக்கும். எல்லோரையும் காலையில் ஒரே நேரத்தில் வரச்சொல்லி, இவற்றையும் கேட்டு எழுதிவையுங்கள். பதிவு முடிந்ததும் அவரவர் வரைபடத்தை அவரவருக்கே காட்டி, மூச்சை இழுக்கும்போது துடிப்பு ஏறுவதையும் விடும்போது இறங்குவதையும் விளக்குவேன். அதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் விடுதித் தோழிகளையும் கூட்டிவந்தார்கள்.