கேளாதவருக்கும் ஒரு பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ படிக்கச் சென்றிருக்கும் அமெரிக்க நகரத்தின் சபை, வீட்டு வசதிக்காகவும் சமூக அபிவிருத்திக்காகவும் வாஷிங்டனிலிருந்து ஆண்டுதோறும் வரும் மானியத்தை எந்த நியாயத்தைக் கொண்டு பங்கிடுகிறது என்று கேட்டிருக்கிறாய். நகர நிர்வாகத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ஏனெனில், தேவை பெரிதாகவும் திரவியம் சிறிதாகவும் இருக்கும் இடத்தில்தான் ஓர் அரசின் தர்மபுத்தி வெளிப்படுகிறது. நான் சொல்லப் போவதன் சாரத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். தடுப்பார் இல்லாவிட்டால், பொதுப்பணம் தேவையுள்ளவனைத் தேடிப் போகாமல் கேட்கத் தெரிந்தவனிடமே போய்ச் சேரும். இந்த மானியத்தைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளாக எழுந்துள்ள விதிகள் யாவும் அந்த இயல்பைத் திருத்துவதற்கு மனிதர் செய்த முயற்சிகள் என்று கொண்டு படித்தாயானால், அவற்றுள் ஒன்றுகூட உனக்கு வறண்டதாகத் தோன்றாது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அந்நாட்டின் பெருநகரங்கள் பல, நடுப்பகுதியிலிருந்து நலியத் தொடங்கின. நலிந்த பகுதிகளை வாங்கி, இடித்து, புதுப்பிப்பதற்கு ஆகும் நிகரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய சர்க்கார் ஏற்கும் என்று 1949-ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் கூறிற்று. நோக்கம் நல்லதாயினும், அங்கே குடியிருந்தவர்களின் சொல்லுக்கு அதில் இடமில்லை. பாஸ்டன் நகரத்தின் வெஸ்ட் எண்ட் பகுதியில், இத்தாலியரும் யூதரும் பிற குடியேறிகளும் தலைமுறைகளாக வாழ்ந்த வீதிகள் 1958 முதல் இடித்துத் தள்ளப்பட, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டு, அவர்கள் வாழ்ந்த நிலத்தில் வசதி படைத்தோருக்கான மாடங்கள் எழுந்தன. 1965-ல், லிண்டன் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது, வீட்டு வசதி மற்றும் நகர அபிவிருத்தி இலாகா தோன்றியது. மறு ஆண்டு அதன் முதல் மந்திரியாகப் பொறுப்பேற்ற ராபர்ட் வீவரே அமெரிக்க மந்திரி சபையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஆயினும் இடிப்பதற்கு ஒரு மானியம், குடிநீர்க் குழாய்க்கு ஒரு மானியம், பூங்காவுக்கு ஒரு மானியம் என்று பணம் பல வாய்க்கால்களாகப் பிரிந்து கிடந்ததால், விண்ணப்பம் எழுதுவதில் தேர்ந்த உத்தியோகஸ்தர்களைப் பெற்றிருந்த நகரங்களே அதிகம் பெற்றன.

இந்த நிலையை மாற்றியது 1974-ஆம் ஆண்டின் வீட்டு வசதி, சமூக அபிவிருத்திச் சட்டம். ஜெரால்ட் ஃபோர்டு ஜனாதிபதிப் பதவி ஏற்ற இரு வாரங்களுக்குள், ஆகஸ்ட் 22 அன்று, கையெழுத்திட்ட அச்சட்டம், சிதறிக் கிடந்த மானியங்களை ஒன்றாகத் திரட்டிச் சமூக அபிவிருத்தித் தொகுப்பு மானியம் ஆக்கி, போட்டியின் இடத்தில் கணக்கை வைத்தது. ஒரு நகரத்தின் ஜனத்தொகைக்குக் கால் பங்கு, வறுமைக்கு அரைப் பங்கு, வீடுகளில் நெருக்கடிக்குக் கால் பங்கு என்று எடையிட்டு அதன் தேவை அளக்கப்பட்டது. மக்கள் குறைந்துகொண்டே வரும் பழைய நகரங்களின் துன்பம் இந்த அளவுகோலில் அகப்படவில்லை என்பது விரைவில் புலனாயிற்று. 1950-ல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் மக்களைக் கொண்டிருந்த டெட்ராய்ட், 2020-ல் ஆறரை லட்சத்துக்கும் குறைவாக இளைத்துவிட்டது. அத்தகைய ஊரின் நோய் நெருக்கடியன்று, வெறுமை. ஆதலால் 1977-ல் இரண்டாம் கணக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. 1940-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கு 50 சதவிகிதமும், வறுமைக்கு 30 சதவிகிதமும், ஜனத்தொகை வளர்ச்சியில் பின்தங்கியமைக்கு 20 சதவிகிதமும் அதில் எடையாகும். இரண்டில் எது ஒரு நகரத்துக்கு அதிகம் தருகிறதோ அதுவே அதற்கு அடிப்படை. மொத்தத்தில் 70 சதவிகிதம் நகரங்களுக்கும் ‘கவுண்டி’ எனப்படும் பெரிய மாவட்டங்களுக்கும் நேரடியாகச் செல்ல, மீதம் மாநிலங்களின் வழியாகச் சிற்றூர்களை அடைகிறது. அண்மை ஆண்டுகளில் இம்மானியம் ஏறத்தாழ 330 கோடி டாலர்; அதைப் பங்கு கொள்ளும் நகரங்களும் கவுண்டிகளுமோ 1,200-க்கு மேல்.

நகரத்துக்கு எவ்வளவு என்பதைக் கணக்கு தீர்த்துவிடுகிறது. நகரத்துக்குள் யாருக்கு என்பதை எந்தக் கணக்கும் தீர்ப்பதில்லை. அங்கேதான் நகரசபையின் வேலை ஆரம்பமாகிறது. எந்தச் செலவும் மூன்று நோக்கங்களுள் ஒன்றை நிறைவேற்ற வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது: தாழ்ந்த, நடுத்தர வருமானமுள்ளோருக்கு நன்மை பயத்தல், சேரியையும் சிதைவையும் நீக்கல், வெள்ளம், புயல் போன்ற உடனடி ஆபத்தில் உதவுதல். முதல் நோக்கமே பிரதானம். வட்டாரத்தின் நடுமட்டக் குடும்ப வருமானத்தில் 80 சதவிகிதத்துக்கு மேற்படாதவர்களே இங்கே குறிக்கப்படுவோர். ஒரு தெருவுக்கு விளக்கோ நடைபாதையோ அமைப்பதானால், அதனால் பயனடையும் பகுதியில் பொதுவாக 51 சதவிகிதத்தினராவது அத்தகையோராக இருத்தல் வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் இந்த வரையறை தளர்வாக இருந்தமையால், வசதியுள்ளோர் வாழும் பகுதியில் டென்னிஸ் மைதானம் அமைப்பதற்கும் இப்பணம் போயிற்று. அதைக் கண்ட பிற்பாடு, செலவில் இவ்வளவு பங்கு ஏழைகளுக்கும் நடுத்தர வருமானத்தாருக்கும் சேர்ந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை 1983-ல் 51 சதவிகிதமாகவும், 1987-ல் 60 ஆகவும், 1990-ல் 70 ஆகவும் உயர்ந்தது. ஒரு சட்டம் அனுபவத்தால் கற்றுக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் தேட வேண்டியதில்லை.

செலவுக்கு மேல்வரம்புகளும் உண்டு. இருபது லட்சம் டாலர் பெறும் ஒரு நகரத்தை மனத்தில் கொள். திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் 20 சதவிகிதத்துக்கு மேல் போகலாகாது. அது நான்கு லட்சம். குழந்தைகள் காப்பகம், முதியோருக்கு உணவு, வேலைப் பயிற்சி முதலிய பொதுச் சேவைகளுக்கு 15 சதவிகிதமே உச்சம். அது மூன்று லட்சம். எஞ்சிய பதின்மூன்று லட்சம் பழைய வீடுகளின் கூரையையும் குழாயையும் செப்பனிடுதல், ஈய வர்ணத்தின் விஷத்தை அகற்றுதல், சமூகக் கூடம், வடிகால் போன்ற நிலைத்த வேலைகளுக்கு உரியது. நகரசபையின் சொந்தக் கட்டடத்தை அதில் கட்டிக்கொள்ள முடியாது. புதிய வீடு கட்டுவதற்கும் பொதுவாக அனுமதியில்லை. வீடு கட்ட 1990-ஆம் ஆண்டின் சட்டத்தில் பிறந்த ‘ஹோம்’ மானியம் தனியே உண்டு. அதில் 15 சதவிகிதம் லாப நோக்கமற்ற உள்ளூர் வீட்டு வசதி ஸ்தாபனங்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். வீடற்றோருக்கும், எய்ட்ஸ் நோயுற்றோரின் குடியிருப்புக்கும் வேறு இரு மானியங்கள் உள்ளன. நான்கையும் சேர்த்து ஒரே திட்டமாக எழுதும் முறை 1995-ல் வந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு கூட்டுத் திட்டமும், அதற்கு உட்பட்டு ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டமும் நகரம் தயாரிக்க வேண்டும்.

அந்த ஆண்டுச் சுழற்சியைத் தெரிந்துகொள். திட்ட ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கும் நகரங்களில், முந்தைய இலையுதிர் காலத்திலேயே தேவைகளை அறியும் பொதுக் கூட்டம் கூடுகிறது. பின்பு ஸ்தாபனங்களிடமிருந்து விண்ணப்பங்கள் கோரப்பட்டு, உத்தியோகஸ்தர்களாலும், பல நகரங்களில் குடிமக்கள் ஆலோசனைக் குழுவாலும், பரிசீலித்து மதிப்பெண் இடப்படுகின்றன. வசந்தத்தில் செயல்திட்டத்தின் நகல் வெளியாகி, மக்கள் அபிப்பிராயம் கூறக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரப்படுகிறது. வெவ்வேறு கட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு கருத்துக் கேட்புக் கூட்டங்களேனும் நடக்க வேண்டும். ஆங்கிலம் அறியாதவர் கணிசமாக வருவார்களென்று எதிர்பார்த்தால் அவர்களுக்கான ஏற்பாட்டையும் நகரம் முன்கூட்டியே செய்ய வேண்டும். நகரசபை வாக்களித்த பின், திட்ட ஆண்டு பிறப்பதற்கு 45 நாள் முன்பாகத் திட்டம் வாஷிங்டனின் பரிசீலனைக்குப் போகிறது. ஆண்டு முடிந்த 90 நாளுக்குள், என்ன செய்தோம் என்ற அறிக்கையை நகரம் ஒப்புவிக்க வேண்டும். பணத்தைச் செலவிடாமல் குவித்து வைப்பதும் குற்றமே. ஆண்டு முடிய 60 நாள் இருக்கையில், கையிருப்பு ஓராண்டு மானியத்தின் ஒன்றரை மடங்குக்கு மேற்படலாகாது.

இவ்வளவு விதிகளும் இருந்தும், 1974-ல் நகரங்களுக்கிடையே ஒழிக்கப்பட்ட போட்டி நகரத்துக்குள்ளே மறுபடியும் தலைகாட்டுகிறது. ஏரி நிறைந்திருந்தாலும் தலைமடைக்காரன் மடையை அடைக்காதவரை கடைமடைக்கு நீர் எட்டாதது போல, பெயர்பெற்ற ஸ்தாபனங்கள் தங்கள் தேர்ந்த எழுத்தாலும் பழக்கத்தாலும் முதலில் பெற்றுக்கொள்ள, ஒரு மாதா கோயிலின் பின்னறையில் நாலு பேர் நடத்தும் சிறு சேவை பின்தங்குகிறது. முதலில் தன் கைப்பணத்தைச் செலவிட்டு, ரசீது காட்டிய பிறகே நகரத்திடமிருந்து திரும்பப் பெறும் வழக்கமே பெரும்பாலும் நிலவுவதால், கையிருப்பில்லாத சிறியவர்களுக்கு வெற்றிகூடச் சுமையாகிறது. நகரசபை அங்கத்தினரும், தத்தம் வட்டத்துக்கு ஏதேனும் கொண்டுபோக வேண்டும் என்ற இயல்பான ஆசையால், பணத்தைத் துண்டு துண்டாக்கி எங்கும் சிறிது தூவிவிடுகிறார்கள். அதனால் எந்தத் தெருவும் தேறுவதில்லை.

இதற்கு மாற்றாக ஒரு நகரம் செய்ததை நீ அறிய வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரம், 1999 முதல், இம்மானியங்களின் பெரும்பகுதியைச் சில குறிப்பிட்ட குடியிருப்புப் பகுதிகளில் மட்டுமே செலவிடுவதென்று துணிந்தது. வீடுகளின் நிலைமையையும், அப்பகுதி எழுந்து நிற்கும் வாய்ப்பையும் மக்களோடு கலந்து ஆராய்ந்து இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தம் வட்டத்துக்கு அப்போதைக்கு ஒன்றுமில்லை என்பதைச் சில அங்கத்தினர் பொறுத்துக்கொண்டதே இதில் அரிய செயல். பின்னர் அவ்வூர் மத்திய ரிசர்வ் வங்கி ஆராய்ந்தபோது, அப்பகுதிகளில் வீட்டு மதிப்பு நகரத்தின் மற்ற இடங்களைவிட விரைவாக உயர்ந்திருந்தது. ஆனால் எழக்கூடிய இடத்தைத் தேர்ந்தால் மிகவும் விழுந்த இடம் காத்திருக்க வேண்டும். மதிப்பு உயர்ந்தால் வாடகையும் உயரக்கூடும். எவர் காத்திருப்பது, எவ்வளவு காலம் என்பதை வெளிப்படையாகப் பேசித் தீர்மானிக்காத நகரம், காத்திருப்பவருக்கு அநீதி இழைக்கிறது என்பது என் முடிவு.

அந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடம் கருத்துக் கேட்புக் கூட்டம். மத்திய சர்க்காரின் மாதிரி நகரங்கள் திட்டத்தில் குடிமக்கள் பங்கேற்புக்கு ஆலோசகராக இருந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் அம்மையார், 1969-ல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்து, மக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்பது நடுப்படியே என்றும், தீர்மானத்தில் பங்கு கிடைக்கும்போதுதான் மேல்படிகள் தொடங்குகின்றன என்றும் காட்டினார். கூட்டம் நடத்தியாயிற்று என்று குறித்துக்கொள்ளும் நகரம் விதியை நிறைவேற்றுகிறது. அங்கே கேட்ட ஒரு சொல்லால் திட்டத்தின் ஒரு வரியையேனும் மாற்றிக்கொள்ளும் நகரமே ஜனநாயகத்தை நிறைவேற்றுகிறது.

ஆகவே தம்பி, புத்தகத்தோடு நின்றுவிடாதே. உன் நகரத்தின் செயல்திட்ட நகலை வாங்கிப் படி; சென்ற ஆண்டின் அறிக்கையை அதனருகே வைத்து, சொன்னதும் செய்ததும் ஒத்திருக்கின்றனவா என்று பார்; எந்தெந்தப் பகுதியின் பெயர் ஆண்டுக்காண்டு வருகிறது, எது ஒருபோதும் வருவதில்லை என்று குறித்துக்கொள். அந்நகரத்தில் குடியிருப்பவன் என்ற முறையில், நீ அந்நாட்டுப் பிரஜையா அல்லவா என்று பாராமல், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உனக்கும் பேச இடம் உண்டு. இரண்டு வேலை பார்த்துவிட்டு அந்த நேரத்தில் வீடு திரும்பாதவர்களும், அப்படியொரு கூட்டம் உண்டென்றே அறியாதவர்களும் அங்கே வரமாட்டார்கள். பெயர் வராத அந்தப் பகுதிக்கு முதலில் நடந்து சென்று, அங்குள்ளோரிடம் விசாரித்து, கூடுமானால் ஒருவரையேனும் உடன் அழைத்துக்கொண்டு போ; இயலாவிட்டால் அவர்கள் சொன்னதை நீ எழுந்து நின்று சொல். கல்வி பெற்றவன் பொதுப்பணத்துக்குச் செலுத்த வேண்டிய முதல் கடமை இதுவே.

அன்புடன்,
உன் அண்ணன்