பனிப்பாதை இல்லா நாட்டின் பனிச்சறுக்கு வீரர்

மதுரையில் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமானால் எங்கே செல்வீர்கள்? ஜிகர்தண்டாக் கடைக்கோ, மீன் அங்காடிக்கோதான். மரத்தூள் உதிர்ந்த ஐஸ் பாளத்தைச் சிமெண்டுத் தரையில் ஒருவர் இலேசாகத் தள்ள, அது வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழுக்கலையே விளையாட்டாக்கி, ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற இந்தியர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சிவ கேசவன். அவருடைய விளையாட்டின் பெயர் லூஜ்.

லூஜ் என்பது என்ன?

எஃகுத் தண்டுகள் இரண்டின்மேல் அமைந்த சிறிய வண்டி அது. வீரர் அதன்மேல் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டியபடி, பனி உறைந்த வளைவான கால்வாய் ஒன்றில் கீழ்நோக்கிச் சறுக்குகிறார். வண்டியில் எஞ்சின் இல்லை, பிரேக்கும் இல்லை. கெண்டைக்காலால் தண்டுகளை அழுத்தியும் தோளைச் சாய்த்துமே திருப்ப வேண்டும். புறப்படும்போது கைகளால் உந்துவதைத் தவிர, மற்ற வேகமெல்லாம் புவியீர்ப்பு தருவதே.

வேகம் எங்கிருந்து வருகிறது?

பாதையின் தொடக்கம் முடிவைவிட 100 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒவ்வொரு கிலோகிராம் நிறைக்கும் உள்ள நிலை ஆற்றல் 9.8 × 100 = 980 ஜூல். இது முழுவதும் இயக்க ஆற்றலாக மாறினால் வேகம் வினாடிக்கு 44 மீட்டருக்குச் சற்று அதிகமாகும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 159 கிலோமீட்டர். ஆனால் வீரர் வினாடிக்கு 36 மீட்டர் வேகத்தில் முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கிலோகிராமுக்கு இயக்க ஆற்றல் 648 ஜூல்தான். மீதி 332 ஜூல் எங்கே போயிற்று? ஆற்றல் அழிவதில்லை. பனியின் உராய்வும் காற்றின் தடையும் அதை வெப்பமாகவும் காற்றின் கொந்தளிப்பாகவும் மாற்றிவிட்டன. இந்த மூன்றில் ஒரு பங்கு இழப்பை யார் குறைக்கிறாரோ அவருக்கே வெற்றி.

காற்றுத் தடையைக் குறைக்கத்தான் வீரர் தட்டையாகப் படுக்கிறார். தலையைச் சற்றுத் தூக்கிப் பாதையைப் பார்த்தாலும் தடை கூடிவிடும். கனமான வீரருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஈர்ப்பு விசையும் உராய்வும் நிறைக்கு ஏற்பக் கூடுகின்றன. காற்றுத் தடையோ உடலின் வடிவத்தையும் பரப்பையும் பொறுத்தது. ஆகவே நிறை கூடினால் காற்று ஏற்படுத்தும் வேகக் குறைவு சிறிதாகிறது. எடை குறைந்த வீரர்கள் விதி அனுமதிக்கும் அளவுக்கு எடைக்கட்டு அணிவது இதனால்தான். சூடான தண்டு பனியில் எளிதாக வழுக்கும் என்பதால், போட்டிக்கு முன் தண்டுகளின் வெப்பநிலையையும் நடுவர்கள் சோதிக்கிறார்கள்.

நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கப்படுகிறது. வினாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் அந்த நேரத்தில் வண்டி கடக்கும் தூரம் 3.5 சென்டிமீட்டர், உங்கள் இரண்டு விரல்களின் அகலம்!

வளைவில் நிகழ்வது

25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வினாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் திரும்பினால் மையநோக்கு முடுக்கம் எவ்வளவு? 35 × 35 ÷ 25 = 49. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஐந்து மடங்கு. தலைக்கவசத்துடன் 6 கிலோகிராம் இருக்கும் தலை, கழுத்துக்கு 30 கிலோகிராம் போலக் கனக்கும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. 2010 பிப்ரவரி 12 அன்று, வான்கூவர் ஒலிம்பிக்கிற்கான விஸ்லர் பாதையில் பயிற்சியின்போது ஜார்ஜியாவைச் சேர்ந்த 21 வயது நோதார் குமாரிதாஷ்விலி தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார். அதன்பின் ஆண்களுக்கான தொடக்க இடம் கீழே இறக்கப்பட்டது. இதன் பயனைக் கணக்கிடுங்கள். வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே, உராய்வைக் கருதாவிட்டால், உயரத்தை 19 சதவீதம் குறைத்தால்தான் வேகம் 10 சதவீதம் குறையும். அதே பாதையில் சில நாட்களில் சிவ கேசவனும் சறுக்கினார்.

சக்கரத்தில் கற்ற சறுக்கல்

சிவ கேசவன் 1981-இல் பிறந்தவர். மணாலிக்கு அருகிலுள்ள வசிஷ்ட் அவருடைய ஊர். தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் அவர் இறங்கியபோது வயது 16. உங்களில் பலருடைய வயதுதான்! லூஜில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வீரர் அவர். அங்கே 28-ஆம் இடம் பெற்றார். 2006-இல் டுரினில் பெற்ற 25-ஆம் இடமே ஒலிம்பிக்கில் அவரது சிறந்த நிலை. 2011, 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 2018 பியோங்சாங் அவரது ஆறாவது ஒலிம்பிக். 2020-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

இத்தனை ஆண்டுகளிலும் இந்தியாவில் செயற்கைப் பனிப்பாதை ஒன்றுகூட இல்லை. அவர் வண்டிக்குச் சக்கரம் பூட்டி இமயமலைச் சாலைகளில் பயிற்சி செய்தார். சாலையில் உராய்வு வேறு, பனியில் உராய்வு வேறு. ஆனால் எந்த இடத்தில் வளைவுக்குள் நுழைவது, எப்போது தோளைச் சாய்ப்பது, உடலை எப்படித் தளர்த்துவது என்பவற்றைச் சக்கரத்திலும் கற்கலாம். 2014 சோச்சியில் மற்றொரு தடை. இந்திய ஒலிம்பிக் சங்கம் அப்போது நீக்கி வைக்கப்பட்டிருந்ததால், அவர் மூவர்ணக் கொடியின்றி ஒலிம்பிக் கொடியின் கீழ்ப் போட்டியிட நேர்ந்தது. அவருடைய போட்டி முடிந்த சில நாட்களில் தடை நீங்கியது.

பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் பாதை உள்ள நாட்டவருடன் பாதையே இல்லாத நாட்டிலிருந்து வந்து இருபது ஆண்டுகள் போட்டியிட்டதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? நீங்களே சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பலகையின்மேல் ஐஸ் துண்டை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு நகரத் தொடங்கும்போது உயர்ந்த முனையின் உயரத்தை அடித்தள நீளத்தால் வகுத்தால் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் கிடைக்கும். பிறகு எவர்சில்வர் தட்டு, செங்கல் ஆகியவற்றிலும் செய்து ஒப்பிடுங்கள். பனி வழுக்குவதற்கு அழுத்தத்தால் உருகுவதே காரணம் என்று பழைய நூல்கள் கூறின. அது மட்டும் போதாது. பனியின் மேற்பரப்பு மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைப்போல் இறுகப் பிணைந்தவை அல்ல. உராய்வின் வெப்பமும் அங்கே சேர்கிறது.

ஓர் எச்சரிக்கை: அழகர்மலைச் சாலையில் சக்கரப் பலகையுடன் இறங்கிவிடாதீர்கள்! ஐஸ் துண்டும் பலகையும் போதும்.

சிந்திக்க: மேலே சொன்ன பாதையில் உயரம் 81 மீட்டர் ஆனால், உராய்வு இல்லாதபோது இறுதி வேகம் என்ன? 25 மீட்டர் ஆர வளைவை அதே வேகத்தில் கடக்கும்போது முடுக்கம் எத்தனை மடங்கு?