குறியைக் கண்டு மயங்காமை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் வானம் பார்த்த பூமியே. குண்டாற்றில் நீரோடும் நாள்கள் குறைவு. கண்மாய் நிறைந்தால்தான் ஊர் நிறையும். இந்நிலம் நமக்கு அயலானதன்று. பண்டு வெண்புநாடு எனப்பட்ட இப்பகுதியில் திருக்குறண்டிப் பள்ளி விளங்கிற்று. மதுரையை அடுத்த சமணர்மலைக் கல்வெட்டுகளில் அப்பள்ளியைச் சார்ந்த துறவியர் பெயர்களை இன்றும் காணலாம். பள்ளி என்னும் சொல் துறவியர் உறையுளையும் கல்விக்கூடத்தையும் ஒருங்கே குறிப்பது. ஆதலின் அந்நிலத்துக் கண்மாயையும் நம் ஆசாரியர் நூலொன்றையும் துணைக்கொண்டு, மாணவர் பலர் அஞ்சும் ஓர் இயற்கணிதப் பாடத்தை இங்குக் கற்போம். பெற்றோரும் தம் மக்களை அருகிருத்தித் தாளும் எழுதுகோலும் கொண்டு உடன் படிப்பாராக.

செயலி என்பது யாது?

இரண்டு எண்களை எடுத்துக்கொண்டு, ஒரு விதிப்படி ஓர் எண்ணைத் தருவது ஈருறுப்புச் செயலி. கூட்டலும் பெருக்கலும் நாம் நன்கறிந்த செயலிகள். இவையன்றி, வினாத்தாளை அமைப்பவர் தாமே ஒரு குறியை இட்டு, அதற்கு ஒரு விதியையும் வகுத்துத் தரலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்திலும் போட்டித் தேர்வுகளிலும் இத்தகைய வினாக்கள் வருகின்றன.

சான்றாக, அ * இ = 2அ + இ என்க. முதல் எண்ணை இரட்டித்து இரண்டாம் எண்ணைக் கூட்டுக என்பதே இதன் பொருள். எனவே,

3 * 4 = 6 + 4 = 10
4 * 3 = 8 + 3 = 11

உடுக்குறியைக் கண்டதும் பெருக்கல் என்றெண்ணி 12 என எழுதுவது முதற் பிழை. இடம் மாற்றினாலும் விடை மாறாது என்று கொள்வது இரண்டாம் பிழை. அடைப்புக்குறியைப் புறக்கணிப்பது மூன்றாம் பிழை. (1 * 2) * 3 என்பது 4 * 3, அதாவது 11. 1 * (2 * 3) என்பதோ 1 * 7, அதாவது 9. இம்மூன்று பிழைகளுக்கும் வேர் ஒன்றே: பழகிய செயலியின் பண்பைப் புதியதன்மேல் ஏற்றிக் கூறுதல்.

கண்மாய்க் கணக்கு

ஒரு கண்மாயின் கொள்ளளவைப் பத்துப் பங்காகக் கொள்வோம். முதல் மழையில் அ பங்கு, அடுத்த மழையில் இ பங்கு நீர் வருகிறது. பத்துக்கு மேற்பட்ட நீர் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் சென்றுவிடும். இடையில் நீர் குறையவில்லை எனக் கொண்டால், கண்மாயில் நிற்கும் நீரே அ ⊕ இ. அ + இ பத்துக்கு மேற்படாவிடின் அதுவே விடை. மேற்படின் விடை 10.

4 ⊕ 3 = 7
7 ⊕ 5 = 10

இதன் பண்புகளை ஒவ்வொன்றாக ஆய்வோம். 0 முதல் 10 வரையுள்ள முழு எண்களுள் எவ்விரண்டை எடுப்பினும் விடை அவ்வெண்களுக்குள்ளேயே அமையும்; இஃது அடைவுப் பண்பு. எந்த மழை முந்தினும் நிற்கும் நீர் ஒன்றே. இது பரிமாற்றுப் பண்பு. (4 ⊕ 5) ⊕ 6, 4 ⊕ (5 ⊕ 6) ஆகிய இரண்டும் 10. மூன்று மழையை எவ்வாறு சேர்ப்பினும் விடை மாறாமை சேர்ப்புப் பண்பு. பூச்சியம் சமனி உறுப்பு, மழையில்லையேல் மாற்றமில்லை.

இதுவரை கூட்டலைப் போன்றே உளது. இங்கேதான் விழிப்பு வேண்டும். 7 ⊕ க = 9 எனில் க = 2. ஆனால் 7 ⊕ க = 10 எனில் யாது? பழக்கத்தால் பத்திலிருந்து ஏழைக் கழித்து 3 என்று எழுதுவோம். அது முழு விடையன்று. 3 முதல் 10 வரை எந்த எண்ணும் பொருந்தும். நிறைந்த கண்மாயைப் பார்த்து, வந்த மழை எவ்வளவு என்று கூறவியலாதன்றோ? மறுகால் பாய்ந்த நீர் கணக்கிலிருந்தும் போய்விட்டது. நான்கு பண்புகள் ஒத்தன என்பதற்காக ஐந்தாவதும் ஒக்கும் என்று துணிதல் தவறு.

தவளையில் ஒரு செயலி

புதுச் செயலியை வகுத்தல் இக்காலத்தார் மட்டுமே கண்ட முறையன்று. ஷட்கண்டாகமத்திற்கு வீரசேன ஆசாரியர் கி.பி. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய உரை தவளா. மூடபிதிரியில் ஓலைச்சுவடிகளாகக் காக்கப்பட்ட அந்நூல், ஹீராலால் ஜெயின் பதிப்பில் 1939 முதல் அச்சேறியது. அதில் விரலனம், தேயம் என்னும் முறை வருகிறது. விரலனம் என்பது ஓர் எண்ணை ஒன்று ஒன்றாகப் பரப்புதல். தேயம் என்பது பரப்பிய ஒவ்வொன்றிற்கும் மற்றோர் எண்ணை வழங்குதல். பின்னர் வழங்கியவற்றையெல்லாம் பெருக்க வேண்டும்.

3-ஐப் பரப்பி ஒவ்வொன்றிற்கும் 2-ஐ வழங்கினால் 2 × 2 × 2 = 8. இதனை 2 △ 3 என நாம் குறிப்போம். இன்றைய அடுக்குக் கணக்கே இது. எண்களை இடம் மாற்றினால் 3 △ 2 = 3 × 3 = 9. ஆகவே பரிமாற்றுப் பண்பு இல்லை. (2 △ 3) △ 2 = 64; 2 △ (3 △ 2) = 512. ஆகவே சேர்ப்புப் பண்பும் இல்லை.

ஓர் எண்ணை அதனோடே இவ்வாறு இயக்குவது வர்க்கித சம்வர்க்கிதம். 2-இல் தொடங்கினால் முதன்முறை 4; இரண்டாம் முறை 4 △ 4 = 256; மூன்றாம் முறை 256 △ 256. இது 617 இலக்கங்கள் கொண்ட பேரெண். மூன்றே படியில் எண் இவ்வளவு உயர்கிறது! பேரெண்களையும் எண்ணிலடங்காதவற்றையும் பாகுபடுத்த விழைந்த ஆசாரியர்க்குக் கூட்டலும் பெருக்கலும் போதவில்லை. தேவைக்கேற்ற செயலியை வகுத்தனர். திரும்பி வரவும் வழி கண்டனர். ஓர் எண்ணை 1 வரும்வரை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பது அர்த்தச்சேதம். 8-க்கு அது 3. எனவே 2 △ க = 8 எனில் க = 3.

பயிற்சி

1. அ * இ = அ + இ + 1 எனில், 3 * 4 யாது? சமனி உறுப்பு யாது?
2. மேற்கண்ட கண்மாய்க் கணக்கில் 6 ⊕ க = 10 எனில், க பெறத்தக்க முழு எண்கள் எத்தனை?
3. 3 △ க = 81 எனில், க யாது?

விடைகள்: (1) 8, சமனி −1. (2) 4 முதல் 10 வரை, ஏழு எண்கள். (3) 4.

விடை தவறின் மாணவர் சோர வேண்டா. விதியை மீண்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, எண்களை அதனதன் இடத்தில் இட்டுப் பார்க்க. ஒரு குறி என்ன சொல்கிறது என்பதை அதன் விதியே கூறும். நம் பழக்கம் கூறாது.