வழியில் கிடப்பவரைக் கடந்து செல்லலாமா?

ஜும்ஆவுக்கு விரைகிறோம். வழியில் ஒருவர் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறார். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று போய்விடலாமா?

கூடாது. உயிர் காப்பது பர்ளு கிஃபாயா. ஒருவர் நிறைவேற்றினால் மற்றவர் கடமை நீங்கும்; எவருமே நிற்காவிட்டால் கண்டும் சென்ற அனைவரும் குற்றவாளிகள். நாம் மட்டுமே இருந்தால் நம்மீது பர்ளு ஐன். நீரில் மூழ்குபவரைக் காக்கத் தொழுகையையே முறிக்கச் சொல்கிறது ஃபிக்ஹு. ஜும்ஆ தவறினால் லுஹர் தொழலாம். போன உயிர் திரும்புமா?

போலீஸ், கோர்ட் என்று அஞ்சவும் வேண்டாம். இந்தியாவில் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லக் கட்டாயமில்லை.

108-க்குச் சொல்லுங்கள். இரத்தம் வழியுமிடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிலிருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக!