நிர்வாகியான தம்பிக்கு



தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகியாகத் தேர்வாகிவிட்டாய். இதுவரை கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்த உனக்கு, இனி ஒரு பயனரைத் தடைசெய்யும் அதிகாரமும் உண்டு. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை நம் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேட்டால் ஆளாளுக்குச் சொல்லித் தருவார்கள்.

நீ புதுச்சேரிக்காரன். உன் ஊர் வழக்கு ஒன்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாமா நைனியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது தரகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும், இருந்தவர். 1716-இல் கவர்னர் எபேர் அவரைக் கைதுசெய்தார். குற்றம் சாட்டியவரும் எபேர்தான், தீர்ப்புச் சொன்ன மன்றத்துக்குத் தலைவரும் அவர்தான். தமிழில் சொன்ன சாட்சியம் போர்த்துக்கீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு மாறிப் பதிவானது. ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு வந்தது. 1717-இல் நைனியப்பர் சிறையிலேயே இறந்துபோனார். குடும்பத்தார் பிரான்ஸ் வரை முறையிட்ட பிறகுதான் அந்தத் தண்டனை ரத்தானது.

கவர்னருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நினைக்காதே. உன் கட்டுரையை ஒருவர் மூன்று முறை மீளமைத்துவிட்டு, உரையாடல் பக்கத்தில் உன்னைச் சீண்டி எழுதுகிறார். அவரைத் தடைசெய்ய உன்னாலேயே முடியும். அந்த நேரத்தில் வாதியும் நீ, நீதிபதியும் நீ. உடனே விலகிக்கொள். தகராறில் கலக்காத இன்னொரு நிர்வாகியிடம் ஒப்படைத்துவிடு. நம் சமூகம் சிறியது, பயிலரங்குகளில் சேர்ந்து சாப்பிட்ட முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தகராறில் கலக்காதவரைத் தேடிப் பிடிப்பது கடினம்தான். நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

தடைசெய்யும் பக்கத்தைத் திறந்து நிதானமாகப் பார். காலக்கெடு இருக்கும், காரணம் எழுத இடம் இருக்கும், சில தேர்வுப் பெட்டிகளும் இருக்கும். அவற்றில் ஒன்று, தடைபட்டவர் தன் பேச்சுப் பக்கத்தில்கூட எழுத முடியாதபடி செய்வது. கோபத்தில் இருப்பவனுக்கு அதையும் சேர்த்து அழுத்தத் தோன்றும். அந்தப் பக்கத்தையே வசையாலும் மிரட்டலாலும் நிரப்புகிறவருக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். மற்றவர்களுக்குத் தங்கள் பக்க நியாயத்தைச் சொல்ல நம் விக்கிக்குள் மிஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றே. காரணத்தையும் ‘விசமத் தொகுப்பு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடாதே. எந்தத் தொகுப்பு, எந்தக் கொள்கையை மீறியது என்று இணைப்புடன், பள்ளி மாணவனுக்கும் விளங்கும் தமிழில் எழுது. தான் எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்று புரியாதவர் எப்படி மேல்முறையீடு செய்வார்?

குரோஷிய விக்கிப்பீடியாவில் நடந்ததையும் தேடிப் படி. ஒரு சிறு குழு ஏறத்தாழ பத்தாண்டு அதைக் கையில் வைத்திருந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் தடைசெய்யப்பட்டார்கள், வரலாற்றுக் கட்டுரைகள் குழுவின் சாய்வுக்கேற்ப வளைந்தன. ஒருவரே பல பெயர்களில் இயக்கும் கைப்பாவைக் கணக்குகளும் புழங்கின. இதையெல்லாம் விக்கிமீடியா நிறுவனத்தின் அறிக்கை 2021-இல் விரிவாகப் பதிவுசெய்தது. அவ்வளவு காலமும் அங்கே கொள்கைப் பக்கங்கள் இருக்கத்தான் செய்தன.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் நடுவர் குழு இருக்கிறது. நமக்கும் ஒன்று வேண்டும் என்று நீ முன்மொழியலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருக்கிற கொஞ்சம் பேரில் நடுவர்களும் நிர்வாகிகளும் ஒரே ஆட்களாகத்தான் இருப்பார்கள். அதைவிட, நிர்வாகப் பொறுப்பு நிரந்தரமானது என்ற எண்ணத்தை மாற்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிர்வாகியும் சமூகத்தின் முன் மீண்டும் ஒப்புதல் கேட்கட்டும். உன்னிலிருந்தே அதைத் தொடங்கலாம். உள்ளூரில் தீராத முறையீடுகளுக்கு, விக்கிமீடியாவின் பொது நடத்தை நெறிக்கான ஒருங்கிணைப்புக் குழு 2024 முதல் இயங்குகிறது. தடைபட்டவருக்கு அந்த வழியையும் நீயே சொல்லிவிடு, உன்மேல்தான் புகார் என்றாலும்.

இந்த மாதமே ஒரு வேலையில் இறங்கு. காலவரையற்ற தடைகளின் பட்டியலை எடு. ஒவ்வொன்றிலும் காரணம் இருக்கிறதா, தடைசெய்தவர் அதே சண்டையில் இருந்தவரா என்று பார்த்து ஆலமரத்தடியில் வை. சிலருக்குப் பிடிக்காது. நான் போட்ட தடைகளும் அதில் இருக்கும், அவற்றையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்