மாற்றியமைத்த லாரியில் இஞ்சின் வலிமை குறைதல்

கரும்பும் வைக்கோலும் மிகுதியாய் ஏற்றும்பொருட்டு, பழைய டீசல் லாரிகளுக்குப் பெரிய டயர்களும் உயர்ந்த பக்கப் பலகைகளும் பூட்டுவோர் உளர். (1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இம்மாற்றங்களுக்கு இடந்தருகிறதா என்பது வேறு விஷயம்.) பின்னர் அவ்வண்டி மேடேறத் திணறுங்கால், இஞ்சின் தேய்ந்துவிட்டதெனக் கருதி, அறுவடை நாளில் அதைப் பிரிக்கக் கொடுத்துவிடுகின்றனர். பெரும்பாலும் இது வீண் செலவேயாம்.

டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், சக்கரம் தரையை உந்தும் விசை ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு குறையும். வேகமானி 40 கிலோமீட்டர் காட்டுகையில் வண்டி 44-இல் ஓடும். இஞ்சினில் யாதொரு பழுதுமில்லை. பழைய அளவு டயர்களைப் பூட்டுதலே பரிகாரம்.

டயர்களை மாற்றியும் குறை நீங்காவிடில் புகையைக் கவனித்தல் வேண்டும். பாரத்துடன் செல்லுங்கால் கரும்புகை மிகுந்தால், டீசலுக்குத் தக்க காற்று உட்செல்லவில்லை என்பது பொருள். களத்துத் தூசியால் காற்று வடிகட்டி விரைவில் அடைபடுவதால், முதலில் அதைக் கழற்றிப் பார்க்கவும். டர்போ உள்ள வண்டியில் காற்றுக் குழாயின் வெடிப்பும் இவ்வாறே செய்யும். புகையின்றி இழுவை மட்டும் குறைந்தால், டீசல் வடிகட்டி அடைபட்டோ, டீசல் குழாயில் காற்றுப் புகுந்தோ இருக்கலாம். ஓட்டத்திற்குப்பின் ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாயிருப்பின், பிரேக் விடாது பற்றியிருத்தல் கூடும்.

நீலப்புகை இடையறாது வந்தால் இஞ்சின் ஆயில் எரிகின்றது. அப்பொழுதே மெக்கானிக்கிடம் இஞ்சினைப் பிரிக்கச் சொல்லலாம்.